மேடம் கேட்ட தப்பு

நான் வேண்டுமென்றே தப்பு விடுகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் நான் வரைகிற படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு என்னைப் பற்றித் தெரிந்தது அது ஒன்றுதான். "ஒவ்வொரு படத்துலயும் ஒரு தப்பை ஒளிச்சு வைப்பாரே, அவரா?" என்பார்கள். அப்படி ஒரு ஆள் கிடையாது. படம் விற்கிற ஒரு பெண்மணி அவரை உண்டாக்கினார். ஊர் நம்பியது. அந்த ஆளின் பெயரில் இன்றுவரை எனக்கு போன் வருகிறது.

நான் பெங்களூர் ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். இந்த இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னால் இங்கே யாருக்கும் பிடிப்பதில்லை. உருது பேசுகிற முஸ்லிம்கள், "உருது வராதா? அப்புறம் எப்படி?" என்று இரக்கப்படுவார்கள். தமிழர்கள், "பாய், தமிழ் சூப்பரா பேசறீங்களே" என்று பாராட்டுவார்கள். என் தாய்மொழியை நான் பேசுவதற்கு எனக்குப் பாராட்டு. தொண்ணூற்றொன்றில் காவிரித் தண்ணீருக்காகத் தமிழர்களைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருடக் கடைசியில் முஸ்லிம்களைத் தேடிக்கொண்டு வந்தார்கள். இரண்டு தடவையும் நான் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே போக முடியாத நாட்களில் வேலை நன்றாக நடக்கும். இதை வீரம் என்று நான் சொல்லவில்லை. கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடமாட்டேன், அவ்வளவுதான்.

வயிற்றுப்பாட்டுக்கு அடுகோடிப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. இயந்திர உறுப்புகளின் வரைபடம் போடுவேன். அதற்கு முன்னால் ஓவியக் கல்லூரியில் படித்தேன். அங்கே ஐரோப்பாக்காரர்களின் சதுரங்களையும் வட்டங்களையும் காட்டி, இதுதான் தூய்மையான ஓவியம், இதில் கதை கிடையாது, ஆள் கிடையாது, வடிவமும் நிறமும் மட்டும்தான் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஒரு விடுமுறையில் வட கர்நாடகத்தில் இருக்கிற பீதருக்குப் போனேன். அங்கே இடிந்து கிடக்கிற ஒரு பழைய மதரஸாவின் சுவரில் மிச்சமிருந்த நட்சத்திரக் கோல ஓடுகளைப் பார்த்தேன். கதை கிடையாது, ஆள் கிடையாது, வடிவமும் நிறமும் மட்டும்தான். ஐந்நூறு வருடம் முன்னாலேயே முடித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டிரேசிங் தாளில் பிரதி எடுத்துக்கொண்டு வந்து ஆசிரியரிடம் காட்டினேன்.

"இது டிசைன்டா. கர்ச்சீப் ஓரத்துல போடற பார்டர். இதைப் போயி ஆர்ட்டுன்னு எடுத்துட்டு வர்றே?" என்றார்.

ஐரோப்பாக்காரன் சதுரம் போட்டால் தத்துவம், பீதர்க்காரன் நட்சத்திரம் போட்டால் கர்ச்சீப். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் முயற்சி செய்ததும் இல்லை.

அன்றிலிருந்து இரண்டையும் ஒரே கான்வாஸில் வைத்தேன். பெரிய வெறும் சதுரம் ஒன்று இருக்கும், கறுப்பாகவோ மஞ்சளாகவோ. அதற்குள்ளிருந்து பட்டைகள் கிளம்பி ஒன்றோடொன்று பின்னிப் பத்துமுனை நட்சத்திரங்களாக ஆகும், மறுபடி சதுரத்துக்குள் போய் மறையும். பின்னலுக்கு ஒரே விதிதான். ஒரு பட்டை ஒரு இடத்தில் இன்னொன்றின் மேலே போனால், அடுத்த இடத்தில் கீழே போக வேண்டும். கூடை முடைவது மாதிரி. காம்பஸாலும் ஸ்கேலாலும் வரைந்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, அக்ரிலிக் பூசி, டேப்பை உரிப்பேன். பிரஷ் போன தடம் தெரியக் கூடாது. பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். கிட்டே வந்தால் பட்டைதான் தெரியும். தள்ளி நின்றால் சதுரம் பட்டைகளை உள்ளே இழுப்பதும் வெளியே துப்புவதும் தெரியும். அதற்காகத்தான் இத்தனை பாடு.

எங்கள் தெருவிலும் யாருக்கும் அது பிடிக்கவில்லை. "மினாரா வரைங்க, கஃபா வரைங்க, ஹால்ல மாட்டிக்கலாம். இது தரைக்குப் போடற மொசைக் மாதிரி கீது" என்றார்கள். கல்லூரிக்கு கர்ச்சீப், தெருவுக்கு மொசைக்.

இப்படியே பத்து வருடம் போனது. இரண்டாயிரத்துக்குச் சற்று முன்னால், எம்.ஜி. ரோட்டுக்குப் பின்னால் பழைய பங்களா ஒன்றில் கேலரி நடத்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என் படத்தை எங்கோ பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தார். சென்னைப் பக்கத்துக்காரர். கதர்ப் புடவை, காலில் கோலாப்பூர் செருப்பு, வாயில் இங்கிலீஷ். எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். நானும் மேடம் என்றேன்.

என் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊராரின் கத்தலைக் கேட்டுவிட்டு வருவதால் யாரையும் எளிதில் நம்பமாட்டாள். டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றாள். மேடம் டீயைத் தொடவில்லை. ஆறடிக்கு ஆறடி இருந்த என் பெரிய படத்தின் முன்னால் போய், மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றார்.

"இதுல அந்த மிஸ்டேக் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"எந்த மிஸ்டேக்?"

"இஸ்லாமிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் வேணும்னே ஒரு மிஸ்டேக் விடுவாங்க இல்ல? காட் மட்டும்தான் பெர்ஃபெக்ட்னு. கார்ப்பெட்ல எல்லாம் விடுவாங்களே. அந்த ஹியூமிலிட்டி எனக்கு ரொம்பப் புடிக்கும்."

"நான் கார்ப்பெட் நெய்யறதில்ல மேடம். தப்பு இருந்தா திருத்திடுவேன்."

"சும்மா சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

எனக்குச் சூடேறிவிட்டது. "மேடம், மனுஷன் கை. தானாவே ஆயிரம் தப்பு வரும். அதுல வேணும்னு ஒண்ணு விட்டேன்னு வைங்க, மீதி எல்லாம் சரின்னு நானே சொல்லிக்கிறேன்னு ஆகும். அதைவிடத் திமிர் வேற என்ன இருக்கு?"

மேடம் சிரித்தார். கண்ணைக்கூட மூடிக்கொண்டார். "பாத்தீங்களா, ஒத்துக்கவே மாட்டேங்கிறீங்க. அதுதான் ரியல் ஹியூமிலிட்டி."

இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது? இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றாலும் இருக்கிறது. அவர் கார் தெருமுனை தாண்டியதும் மனைவி சொன்னாள்: "அந்தம்மா படத்தைப் பாக்க வர்ல. உங்களைப் பாக்கவும் வர்ல. மனசுல ஏற்கெனவே ஒண்ணைப் பாத்துட்டு வந்திருக்குது."

அவள் சொன்னது சரி. ஆனால் பத்து வருடத்தில் முதல் தனிக் கண்காட்சி. ஒப்புக்கொண்டேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கண்காட்சி வைக்காத ஓவியன் வீட்டில் மொசைக் போடுகிறவன்தான்.

திறப்பு நாளில்தான் மேடம் அச்சடித்திருந்த ப்ரோஷரைப் பார்த்தேன். என் படிப்பைப் பற்றி ஒரு வரி. பீதரைப் பற்றி அரை வரி. கல்லூரியில் சொல்லிக் கொடுத்த சதுரங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை. பாக்கி முழுவதும் அந்தத் தப்பு. நான் பரம்பரை வழக்கப்படி ஒவ்வொரு படத்திலும் இறைவனுக்கு முன் பணிவாக ஒரு பிழையை விட்டுவைக்கிறேனாம். என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் பரம்பரை வழக்கப்படி செய்தது பஞ்சர் ஒட்டியதுதான். அதிலும் பணிவாக ஓட்டை எதுவும் விட்டுவைக்கவில்லை.

கூட்டம் வந்தது. நல்ல கூட்டம். யாரும் பத்தடி தள்ளி நிற்கவில்லை. வாரப் பத்திரிகையில் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்வார்களே, அதைப் பார்க்கிற மாதிரி மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். இன்னொருவர் பேனா முனையால் கான்வாஸைத் தொட்டார். நான் போய்க் கையைப் பிடித்தேன்.

"சாரி. ஒரு க்ளூ குடுங்களேன். மேலயா, கீழயா?"

"வெளிய போற வழியில இருக்கு" என்றேன்.

அவர் அதையும் நம்பி வாசல் பக்கம் மாட்டியிருந்த படத்தைத் தேடப் போனார்.

பத்திரிகையில் ஒரு பெண் எழுதினாள். அதுவும் தப்பைப் பற்றித்தான். கறுப்புச் சதுரம் இருப்பதையே அவள் எழுதவில்லை. ஆறடிப் படத்தில் மூன்றடிக்கு இருக்கிறது அந்தச் சதுரம். கண் தெரியாதவர்கூட இடித்துக்கொள்வார்.

இரண்டாவது சனிக்கிழமை ஒரு பெண் வந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. அவள் செய்த முதல் காரியம், பெரிய படத்தைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து போய் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றது. நிறைய நேரம் நின்றாள். பிறகு கிட்டே வந்தாள். நான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"நீங்கதான் வரைஞ்சீங்களா சார்? இதுக்கு ரூல் என்ன?"

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. எழுந்துபோய்ச் சொன்னேன். மேலே, கீழே, மேலே, கீழே.

"எல்லா எடத்துலயுமா? விதிவிலக்கு ஏதும் இல்லையே?"

"கிடையாது."

சேலத்துப் பெண். பொம்மனஹள்ளியில் நாலு பெண்களோடு சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதுகிற புரோகிராமில் எங்கே கோளாறு இருக்கிறது என்று தேடுவதுதான் அவள் வேலையாம். "எங்க டீம்ல எல்லாருக்கும் என்னைக் கண்டா ஆகாது சார்" என்று பெருமையாகச் சொன்னாள். விரலைக் காற்றில் வைத்துக்கொண்டு ஒரு பட்டையைப் பிடித்துத் தொடர்ந்து போனாள். சதுரத்தில் அது மறைந்ததும் அடுத்த பட்டை. நடுவில் வெளியே போய் வேர்க்கடலை வாங்கித் தின்றுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். எனக்கு ஸ்டூலில் கால் மரத்துப்போனது. போய்விடலாம் என்று எழுந்தபோது கூப்பிட்டாள்.

"சார், கோச்சுக்காதீங்க. இங்க ஒண்ணு ஃபெயில் ஆவுது."

"வாய்ப்பே இல்ல."

"நீங்களே பாருங்களேன். இந்தச் செவப்புப் பட்டை இங்க மேல. இங்கயும் மேல. இந்தா, இங்கயும் மேல."

முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வலது பக்கம் கீழே, முழங்கால் உயரத்தில். சிவப்புப் பட்டை, சாம்பல் நிறப் பட்டைக்குக் கீழே போக வேண்டிய இடத்தில் மேலே போயிருந்தது. இரண்டு விரல் அகலம் உள்ள இடம். எத்தனை தடவை அந்தப் படத்தைப் பார்த்திருப்பேன். ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை.

எப்படி வந்தது? தெரியாது. அந்த மூலையைத் தரையில் உட்கார்ந்துகொண்டு பூசினேன், முதுகு வலித்தது, டேப்பை மாற்றி ஒட்டியிருப்பேன். வேறு காரணம் கிடையாது. இறைவனை இதற்குள் இழுக்கிற வேலை எதுவும் இல்லை.

"வேணும்னே விட்டதா சார்? பேப்பர்ல போட்டிருந்தாங்களே."

"இல்லம்மா. தெரியாம வந்தது."

"அப்ப டிஃபெக்ட்தான். சரி பண்ணிடுங்க" என்றாள். அவ்வளவு எளிதாக. மூன்று மாதம் ஒரு படத்தோடு குடும்பம் நடத்தியவனிடம் அப்படிச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் என்று எரிச்சல் வந்தது. அதே நேரத்தில், கண்காட்சிக்கு வந்த அத்தனை பேரிலும் என் படத்தைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான் என்பதும் தெரிந்தது.

கெட்ட நேரம், மேடம் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஃபவுண்ட் இட்!" என்று கத்தினார். அங்கே இருந்த எல்லோரும் ஓடிவந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். சிலர் கைதட்டினார்கள். நான் தெரியாமல் வந்த தப்பு என்று சொல்லச் சொல்ல, என் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். அந்தச் சேலத்துப் பெண், "இல்லங்க, சார் தப்புன்னு சொல்றாரு, கேளுங்க" என்று இரண்டு பேரிடம் சண்டைக்கே போனாள். யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அந்தப் படத்தின் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. கேலரியில் விற்ற படத்துக்கு அப்படி ஒட்டுவார்கள். எங்கள் தொழிற்சாலை டூல் ரூமில், அளவு தப்பிப்போன உறுப்பின் மேல் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஓரமாகத் தள்ளுவார்கள். எனக்கு அந்தப் பொட்டு அந்தப் பெயிண்ட் மாதிரிதான் தெரிந்தது.

வாங்கியவர் ஐ.டி. கம்பெனிகளுக்குக் கட்டிடம் கட்டி வாடகைக்கு விடுகிறவர். கன்னடக்காரர், சிவாஜிநகரில் வளர்ந்ததால் கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். கேலரியில் இன்னும் பதினாறு படம் இருந்தது. அவருக்கு எது வேண்டும் என்று மேடம் கேட்டபோது, "தப்பு இருக்கறது எதுவோ அது" என்றாராம். புதுக் கட்டிடத்தின் லாபியில் மாட்டப் போகிறாராம். பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு வைத்து, தப்பு இருக்கிற இடத்தை வருகிறவர்கள் கண்டுபிடிக்கச் சொல்லி எழுதப் போகிறாராம்.

அதைக் கேட்டதும் மேடத்திடம் போனேன். "நாளைக்கு டேப், பெயிண்ட் எடுத்துட்டு வரேன். ஒரு மணி நேர வேலை. சரி பண்ணிட்டுக் குடுத்துடுங்க."

"பைத்தியமா உங்களுக்கு? அது சோல்ட். இனிமே அது உங்க படம் இல்ல. தொடக் கூடாது."

"தப்பா இருக்கு மேடம்."

"அதைத்தான் வாங்கியிருக்காரு!"

மறுநாள் தொழிற்சாலை கேன்டீனில் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. யாரோ பேப்பரில் பார்த்திருக்கிறார்கள். பக்கத்துப் பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லேத் கடைசல்காரர் சத்தம் போட்டுக் கேட்டார்: "இன்னா பாய், தப்பாப் போட்டாத்தான் வெல ஜாஸ்தியாமே? நம்ம சூப்பர்வைசராண்ட கொஞ்சம் சொல்லு. போன வாரம் நான் போட்ட ஜாபு மொத்தமும் மியூசியத்துக்குப் போவட்டும்."

கேன்டீனே சிரித்தது. சூப்பர்வைசரும் சிரித்தார். நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனேன். அவர்களைத் திட்ட முடியவில்லை. அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

வீட்டில் மனைவி வேறு மாதிரி பேசினாள். "ஒரு எடம். ரெண்டு வெரல். உடுங்களேன். பத்து வருஷமா ஒருத்தன் திரும்பிப் பாக்கல, இப்பதான் ஒருத்தன் வாங்கறான். தப்பைப் பாத்து வாங்கினா இன்னா, சதுரத்தைப் பாத்து வாங்கினா இன்னா?"

"அது அந்தத் தப்போட அங்க தொங்கினா, மேடம் எழுதினது நெசமாயிடும். நான் செத்தப்புறமும் தகடு இருக்கும். மூக்கை ஒட்டிக்கினே நிப்பானுங்க. ஒருத்தன்கூடத் தள்ளி நின்னு பாக்கமாட்டான்."

"இப்ப மட்டும் பாக்கறானுங்களாக்கும்."

"ஒருத்தி பாத்தா."

மனைவி என் பக்கம் திரும்பி, "யார்யா அந்தப் பொண்ணு?" என்றாள். அது வேறு சண்டை.

புதன்கிழமை தொழிற்சாலைக்கு அரை நாள் லீவு போட்டேன். மிச்சம் வைத்திருந்த சாம்பல் நிறமும் சிவப்பும் ஜாம் பாட்டிலில் இருந்தன. அவற்றையும் டேப், பிளேடு, பிரஷ்ஷையும் பையில் போட்டுக்கொண்டு கேலரிக்குப் போனேன். மேடம் சாப்பிடப் போயிருந்தார். வாட்ச்மேன் என்னைத் தெரியும் என்பதால் ஒன்றும் கேட்கவில்லை. தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, சாம்பல் பட்டையின் இரண்டு ஓரத்திலும் டேப்பை ஒட்டி நகத்தால் தேய்த்தேன். டேப்பின் விளிம்பில் முதலில் அடியில் இருக்கிற அதே சிவப்பை ஒரு கை பூச வேண்டும். கசிந்தாலும் சிவப்பு மேல் சிவப்புதான் கசியும். அது காய்ந்த பிறகு சாம்பல், இரண்டு கை. அவசரப்பட்டால் பல் பல்லாகத் தெரியும்.

அங்கே வந்திருந்த ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். நான் செய்துகாட்டுகிறேன் என்று நினைத்தார்கள். ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், "இப்பதான் தப்பை வெக்கறார் போல" என்று மெல்லிய குரலில் சொன்னார். நான் திரும்பவில்லை. டேப்பை உரித்தேன். கோடு கத்தி மாதிரி வந்தது. சிவப்பு கீழே போயிற்று. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். இந்த ஊரில் எதற்கும் கைதட்டுவார்கள்.

மேடம் வாசலில் நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அதுவரை கேட்டிராத தமிழ் அப்போதுதான் அவர் வாயிலிருந்து வந்தது.

"என்னய்யா பண்ணித் தொலைச்சே?"

"சரி பண்ணினேன்."

"நாசம் பண்ணிட்டே! அவரை நான் எப்படி ஃபேஸ் பண்றது? உன்னை மாதிரி ஆளை எல்லாம் தூக்கிவிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அதுவரை நீங்க என்றவர் நீ என்றார். நானும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதை இங்கே எழுதினால் அச்சில் வராது.

சாயங்காலம் கட்டிடக்காரரை வரவழைத்தார்கள். அவர் வந்து குனிந்து தேடினார். எங்கே என்று மேடம் காட்டினார். அவர் அந்த இடத்தை விரலால் தடவினார். கோபப்படவில்லை. நல்ல மனிதர்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

"எதுக்கு குரு இப்படிப் பண்ணீங்க? ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே. சரி, சும்னே டென்ஷன் ஆகாதீங்க. திரும்ப வெச்சுக் குடுத்துடுங்க. அதே எடத்துல வேணும்னு இல்ல. எங்க வேணா வைங்க. வெக்கும்போது நானும் பார்க்கமாட்டேன்."

வேண்டுமென்று ஒரு தப்பு. அதுவரை யாரோ சொன்ன பொய்யாக இருந்தது, இப்போது என் முன்னால் நின்று ஆர்டர் கொடுத்தது. மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பையில் டேப் இருந்தது, பாட்டிலில் பெயிண்ட் இருந்தது. ஒரு மணி நேர வேலை.

"வைக்கத் தெரியாது" என்றேன்.

"இதுல என்ன தெரியாது?"

"தப்பு தானா வந்தாத்தான் வரும். வெக்கறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

கட்டிடக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். மேடம் சிவப்புப் பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். சுவரில் கொஞ்சம் பசை மிச்சம் இருந்தது. கண்காட்சி முடிந்ததும் பதினேழு படமும் டெம்போவில் ஏறி ஜீவனஹள்ளிக்குத் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு மேடம் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் அந்த வரி மட்டும் ப்ரோஷரிலிருந்து பேப்பருக்கும், பேப்பரிலிருந்து கல்லூரிப் பிள்ளைகளின் கட்டுரைக்கும், அங்கிருந்து கம்ப்யூட்டருக்கும் போய்விட்டது. அதை டேப் ஒட்டி அழிக்க முடியாது.

பெரிய படத்துக்கு வீட்டில் இடமில்லை. ஹாலில் ஜன்னலை மறைத்துத்தான் வைக்க முடிந்தது. பத்தடி தள்ளி நிற்க வேண்டுமென்றால் சமையலறைக்குள் போய் அடுப்பில் முதுகு ஒட்டி நிற்க வேண்டும்.

அந்தச் சேலத்துப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். கேலரியில் விலாசம் கேட்டு வாங்கியிருக்கிறாள். என் மனைவி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாம்மா, நீதானா அது" என்றாள். பெண் நேராகப் படத்திடம் போய்த் திருத்திய இடத்தைப் பார்த்தாள். பிறகு, ஒன்றைத் திருத்தும்போது வேறு ஏதாவது கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம் என்று சொல்லி, முழுப் படத்தையும் முதலிலிருந்து பார்த்தாள். மனைவி அவளுக்கு டீ கொடுத்தாள். மேடம் மாதிரி இல்லாமல் இவள் குடித்தாள். இரண்டாவது டம்ளரும் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள் கடைசியில்.

"அப்ப சரியா இருக்கு."

"அப்படிச் சொல்ல முடியாது சார். எனக்கு இன்னும் கிடைக்கலன்னு மட்டும்தான் சொல்ல முடியும். நாங்க அப்படித்தான் எழுதிக் குடுப்போம்."

மேடம் சொன்ன பணிவைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவளிடம் சொல்லவில்லை. பாராட்டினால் தலையில் ஏறிக்கொள்வார்கள்.

அவள் போன பிறகு நான் தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி அடுப்பங்கரையில் நின்று சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால்தான் படம் முழுசாகத் தெரியும்.

"ஏங்க, மேல எடது பக்கம், மூணாவது நட்சத்திரம். அதும் பக்கத்துல ஒண்ணு ஒரு மாதிரி தெரியுதே, பாத்தீங்களா?"

பேப்பரைப் போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்து ஏறினேன். மூன்றாவது நட்சத்திரம். மேலே, கீழே, மேலே, கீழே. சுற்றிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"எங்கடி?"

"அங்க ஒண்ணும் இல்ல. ஏறுவீங்களான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மாவுக் கையோடு சிரித்தாள்.

கெட்ட கோபம் வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் இன்னும் சிரித்தாள். ஆனால் ஏறியது ஏறியாயிற்று. பக்கத்திலிருந்த நாலாவது நட்சத்திரத்தையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.